செல்லூர் பாய் பட்டறை: கண்டுபிடிக்கத் தனிக் கூலி வாங்குகிறவர்

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும் என் பழைய காரைச் சரிசெய்ய இந்தப் பட்டறையில் ஆனது மொத்தம் 4,350 ரூபாய். கூலி 3,000. ஹோஸ், ஃபில்டர், கிளிப், பேக்கிங் எல்லாம் சேர்த்து 850. மிச்சம் 500 "கண்டுபிடிச்சதுக்கு". அப்படி ஒரு தொகையைத் தனியாகச் சொல்லிக் கேட்டு வாங்கும் மெக்கானிக்கை மதுரையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் கண்டுபிடிப்பது இலவசம். அதனால்தானோ என்னவோ, யாரும் கண்டுபிடிப்பதில்லை. எதையாவது கழற்றிப் புதுசு மாட்டினால்தான் அவர்களுக்குக் காசு.

வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விட ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். அப்பா வைத்திருந்தது. நான் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை, கே.புதூரிலிருந்து வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அதில்தான் போய்வருவேன். மற்ற நாள் பஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வண்டி பல நாள் சும்மா நிற்கும் என்பதும் வியாதிக்கு ஒரு காரணமாகப் போயிற்று.

வியாதி இதுதான். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள் ஒரு குறையும் இருக்காது. ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச் சாலையில் வேகம் அறுபதைத் தாண்டியதும் முதலில் ஒரு திக்கல். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இழுவை குறையும். சிட்டம்பட்டி டோல்கேட் வருவதற்குள் திக்கித் திக்கி ஓரமாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, நீளமாக செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். திரும்பவும் வேகம் எடுத்தால் திரும்பவும் அதே கதை.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அதிகம் கேட்டது வேப்பர் லாக். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்ளும், பம்ப் மேல் ஈரத்துணி போடு என்று. மதுரை வெயிலுக்கு யாரும் அதை நம்புவார்கள். இன்னொரு பட்டறையில், பெயர் வேண்டாம், கார்புரேட்டர் கிட் மாற்றினார்கள். சரியாகவில்லை. பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். அப்புறம் நெருப்புப் பொறி தரும் காயில், பிளக். அதற்கும் சரியாகாமல், "பெட்ரோல் பத்தலை மேடம்" என்று கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டத்தை ஏற்றிவிட்டார்கள். வண்டி நிற்பதும் நிற்கவில்லை, போனஸாகப் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வந்து சேர்ந்தது. பதினோராயிரத்துக்கு மேல் போயிற்று.

செல்லூர்க் கண்மாய்ப் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறையைச் சொன்னது எங்கள் தெருவில் அம்பாசிடர் வைத்திருக்கும் ஒரு பெரியவர். தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண் தரை, பெயர்ப் பலகை கிடையாது. பட்டறைக்காரரிடம், உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் டீச்சர், இருக்கிற வண்டியவே பாக்க முடியல" என்றார். எல்லாருக்கும் அவர் பாய்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கோரிப்பாளையத்திலிருந்து செல்லூருக்குள் வந்து, பழைய கார் பார்க்கிற பாய் பட்டறை எங்கே என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்.

போனதும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். பட்டென்று அணைகிறதா, திக்கித் திக்கி அணைகிறதா? வேகத்திலா, சிக்னலில் நிற்கும்போதா? டேங்க் நிறைய இருக்கும்போதும் வருமா? நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் எடுக்கும்? வகுப்பில் பிள்ளைகளிடம் நான் கேட்கிற தோரணையில் என்னையே ஒருவர் கேட்பது புதிதாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு என்பது பிறகு புரிந்தது. பட்டென்று சுவிட்சை அணைத்தது மாதிரி நின்றால் பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம். திக்கி, இழுவை குறைந்து, கெஞ்சி நின்றால் பெட்ரோல் வரத்து. வேப்பர் லாக் என்றால் வெயிலில் நன்றாக ஓட்டிவிட்டு டிராஃபிக்கில் ஊரும்போதோ, சூடாக நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போதோதான் அதிகம் தொல்லை தரும். நல்ல வேகத்தில், எதிர்க்காற்று இன்ஜின் மேல் அடிக்கும்போது மட்டும் நிற்கிற வண்டியில் அதை முதலில் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஈரத்துணி வைத்தியம் அங்கேயே அடிபட்டது.

அடுத்து, "வண்டி நிக்கிறத நான் பாக்கணும்" என்றார். இதுதான் என்னைக் கவர்ந்த முதல் விஷயம். மற்றவர்கள் எல்லாரும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பட்டறையில் நிறுத்தி வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். பாய் பக்கத்தில் உட்கார, மத்தியான வெயிலில் அழகர்கோவில் ரோட்டில் விட்டேன். கடச்சனேந்தல் தாண்டி, அப்பன்திருப்பதி நெருங்கும்போது திக்க ஆரம்பித்தது. "விடாதீங்க, அழுத்துங்க" என்றார். நின்றது. அவர் இறங்கி ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார். மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால், இழுக்கும்போது உள்ளே ஒரு சின்னக் குழாய் பீய்ச்சி அடிக்க வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. பிளக் ஒயரைப் பிடுங்கி நெருப்புப் பொறியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நன்றாகவே இருந்தது. ஆக, காயில், பிளக்குக்குக் கொடுத்த காசு வீண் என்பது சாலையோரத்திலேயே தெரிந்துவிட்டது.

அங்கேயே டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வழி இருக்க வேண்டும். அந்தச் சின்ன ஓட்டை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். சத்தம் இல்லை. மூடியைத் தளர்த்தி வைத்துத் திரும்பி வந்தோம், அப்படியும் திக்கியது. அதையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்.

பட்டறைக்கு வந்ததும் செய்ததுதான் உண்மையான பரிசோதனை. அடியில் குழாய் வைத்த ஒரு தகர டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரை விட உயரத்தில் கட்டி, டேங்க், பம்ப் எதுவும் இல்லாமல் நேராகக் கார்புரேட்டருக்கு விட்டார். அப்படியே ஓட்டிப் பார்த்தார். எழுபதிலும் ஒரு திக்கல் இல்லை. அதாவது கிட் மாற்றி, மிதவையை வளைத்து, இத்தனை பாடுபட்ட கார்புரேட்டர் நிரபராதி. கோளாறு அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. இதை யாரும் வீட்டில் தண்ணீர் பாட்டிலை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம். சூடான இன்ஜினுக்கு மேலே திறந்த பெட்ரோல். அவருக்குக் கை பழகியிருக்கிறது. அவரிடமும் தீயணைப்பான் இல்லை, மணல் வாளிதான். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, சொல்லியும்விட்டேன்.

அடுத்தது பம்ப். பழைய ஆட்கள் ஏ.சி. பம்ப் என்று சொல்வார்களே, இன்ஜினே நெம்புகோலை ஆட்டி, உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வை அசைத்துப் பெட்ரோலை இழுக்கும் பம்ப், அதுதான். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். முதலில் குபுக் குபுக்கென்று நன்றாக வந்தது. அப்புறம் தாரை மெலிந்து, குமிழி குமிழியாக வந்தது. இந்த இடத்தில்தான் மற்ற பட்டறையில் பம்பை மாற்றினார்கள். பாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக் குழாயை மட்டும் கழற்றி, ஒரு புது ஹோஸைச் சொருகி அதே தகர டப்பாவில் முக்கினார். திரும்ப செல்ஃப். கொட்டியது. பம்புக்கும் விடுதலை.

கழற்றிய பழைய பம்பை டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். அதையும் எடுத்து, பெட்ரோல் நுழையும் வாயை விரலால் மூடி, நெம்புகோலைக் கையால் அழுத்திப் பார்த்தார். விரலை இழுத்துப் பிடித்தது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு டீச்சர். டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தா இன்ஜின் ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சிருக்கும். பத்திரமா வைங்க" என்றார். மும்பையிலேயே 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸி ஓட்டம் முடிந்துவிட்டது. இனிச் சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் இந்தச் சாமான்கள் குறையுமே தவிர அதிகமாகப் போவதில்லை. அந்தப் பம்ப் இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள தடம். இதில் இரண்டு கோளாறு ஒன்றாக இருந்தன. டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்கக் கறுப்பாக, நன்றாகவே தெரிந்தது. மடக்கிப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஆனால் கீழே ஒரு சொட்டு ஒழுகியதில்லையே என்று கேட்டேன். அது உறிஞ்சும் பக்கம்; பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் என்ன ஆகுமோ அதுதான். பாட்டிலில் குமிழி வந்ததன் காரணம் அது.

பெரிய கோளாறு டேங்குக்குள். இன்ஜின் பக்கத்திலிருந்து குழாயில் காற்றை ஊதியபோது முதலில் அடைத்துக்கொண்டு, பிறகு டேங்குக்குள் கடகடவென்று குமிழிச் சத்தம் கேட்டது. ஊதியதும் அடைப்பு விட்டுவிட்டது. முன்பு ஒரு தடவை சாலையில் உதவிக்கு வந்த மெக்கானிக்கும் இப்படித்தான் ஊதிவிட்டுப் போனார், வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது. பாய் அதோடு நிறுத்தவில்லை. "ஊதினா குப்பை டேங்குக்குள்ளதான் போகும். நாளைக்கு அதே குப்பை திரும்ப வரும்" என்று டேங்கையே இறக்கினார்.

உள்ளே இருந்த பெட்ரோலை வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினார். துருப் பொடியும், பழுப்பு நிறப் பிசின் செதிலும் ஒரு கைப்பிடி. வேகமாக ஓடும்போது உறிஞ்சும் இழுப்பில் இந்தச் செதில்கள் டேங்குக்குள் இருக்கும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் இழுப்பு விட்டு உதிர்ந்து கீழே விழும். கொஞ்ச நேரம் கழித்து வண்டி ஓடிய மர்மம் இவ்வளவுதான். ஊருக்குள் ஏன் வரவில்லை என்பதற்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் என்று வைத்தால், எழுபதில் ஓடும்போது மணிக்கு 5 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 80 மில்லிக்கு மேல் வேண்டும். ஊருக்குள் முப்பதில் ஊர்ந்தால் அதில் பாதி கூட வேண்டாம். பாதி அடைத்த வலை வழியாக அது எப்படியும் வந்துவிடும்.

டேங்குக்குள் பழைய நட்டுகளும் சோப்புத் தண்ணீரும் போட்டு, பாயும் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். அலசி, வெயிலில் காயவைத்து, திரும்பத் துருப்பிடிப்பதற்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினார். டேங்கில் வெல்டிங் மாதிரிப் பற்றவைக்கும் வேலை எதுவும் செய்ய மாட்டேன் என்றார்; காலி டேங்காக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். இதற்கு மட்டும் அவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

இந்தப் பிசின் திடீரென்று எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி, இப்போது எங்கு போட்டாலும் அதுதான். எத்தனால் டேங்கின் சுவரில் பல வருடமாகப் படிந்த பிசினைக் கரைத்துப் பெயர்க்கும். அந்தக் காலத்து ரப்பரை உப்பவைக்கும், வெடிக்கவைக்கும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில், அரைகுறை டேங்கில், இரும்பு துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? பாய் இதை எல்லாம் வேதியியலாகச் சொல்லவில்லை. "முன்ன மாதிரி பெட்ரோல் இல்ல டீச்சர், டேங்க் கழுவுது" என்றார், அவ்வளவுதான். மறுமுறை போகும்போது ஓர் அளவு ஜாடி கொண்டுபோய்க் காட்டினேன். 50 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கீழ் அடுக்கு சுமார் 20 மில்லி ஆகிவிடும். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடியைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எத்தனால் தாங்கும் ஹோஸ், பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர், மிதவையின் மட்டத்தைப் பழையபடி இறக்கிய வேலை, எல்லாம் மேலே சொன்ன காசில் அடக்கம். புகையும் வாடையும் போயிற்று. இப்போது மேலூர் வரை ஒரே மூச்சில் போகிறது. முதல் சில வாரம் ஃபில்டரை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கொஞ்சம் பழுப்புத் தூள் வந்தது, மாற்றிவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் பெட்ரோல்தான் காரணம் என்று சொல்லுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் காத்திருந்தபோது ஓர் அம்பாசிடர் வந்தது. "பெட்ரோல் ஏறல பாய், சூடானா நின்னுருது" என்றார் ஓட்டிவந்தவர். பாய் அதே மாதிரி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தார். பெட்ரோல் ஜோராகப் பீய்ச்சியது. பிளக்கில் பொறி மட்டும் சிவப்பாக, சோகையாக இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கண்டென்சர் சூட்டில் சோர்ந்துபோயிருந்தது. சின்னச் சாமான். மாற்றி அனுப்பிவிட்டார். கார்புரேட்டர் பக்கம் கையே போகவில்லை.

குறைகள் நிறைய உண்டு. போன் எடுக்க மாட்டார். சொன்ன நாளில் வண்டி கிடைக்காது. "நாளைக்கு" என்றால் அந்த வாரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் கிடையாது, ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். உட்கார ஒரு பெஞ்ச், அதிலும் பாதி இடத்தில் கியர் பாக்ஸ். பெண்கள் காத்திருக்க ஏற்ற இடமே இல்லை. கழிப்பறை கிடையாது, கோரிப்பாளையம் வரை வரவேண்டும். பையன் கிளிப்பைச் சரியாக முறுக்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபில்டர் பக்கம் கசிவு. திரும்பப் போனதும் பாய் அவனைத் திட்டிய திட்டில் எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் பெட்ரோல் விஷயத்தில் இது சின்னத் தப்பு இல்லை. வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு கிளிப்பையும் நீங்களே விரலால் தொட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு மேல் போகாதீர்கள். ஜும்மா முடிந்து சாப்பிட்டு வர நாலாகிவிடும். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டி கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். கார்புரேட்டர் மாருதி 800 பார்ப்பார், ஆனால் முகத்தில் சுரத்து இருக்காது. டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு வேறு இடம் பாருங்கள். அவசரமாக நாளை கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது.

டேங்கைக் கழற்றி மாட்டியதில் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. பெட்ரோல் முள் இப்போது பாதிக்கு மேல் ஏறுவதில்லை, டேங்க் முட்ட முட்ட நிரப்பினாலும். பாயிடம் சொன்னேன். "முள்ளு கரண்ட்ல ஓடுறது டீச்சர், அது என் வேலை இல்ல. யானைக்கல் பக்கம் ஒயரிங் ஆள் ஒருத்தர் இருக்காரு, நான் அனுப்புனேன்னு சொல்லுங்க." அவரிடம் இன்னும் போகவில்லை. போய் வந்ததும் அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.